நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை?

(கணிப்பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதியது)



மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் என்னை கேன்டீன் வாசலில் பிடித்து, "கவிதை நாற்பது வந்திருக்கு, அதுல நட்பைப் பத்தி மட்டும் பதினெட்டு. நீயாவது டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் கொடுடா" என்றான். டெக்னிக்கலாக எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. ஆகவே அடிபட்ட கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஐந்தாம் செமஸ்டரில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஹாஸ்டல் மெஸ் கணக்கு போடும் ஒரு புரோகிராமை சி மொழியில் எழுதினோம். ஆளுக்கொரு பகுதி, ஆளுக்கொரு பென் டிரைவ். ரிவ்யூவுக்கு முதல் நாள் மாலை எல்லாம் ஒழுங்காக ஓடியது. அன்று இரவு பதினொரு மணிக்கு எங்களில் ஒருவன், நல்ல எண்ணத்தில்தான், ஹெடர் ஃபைலில் இருந்த ஸ்ட்ரக்சரில் 'ரூம் நம்பர்' என்று ஒரு வரியை நடுவில் சேர்த்தான். அவன் பகுதி பிரமாதமாக ஓடியது. மறுநாள் காலை பத்து மணிக்கு, பழைய ஸ்ட்ரக்சரை வைத்து எழுதிய டேட்டா ஃபைலை என் பகுதி திறந்தபோது, ரூபாய் வர வேண்டிய இடத்தில் என்னென்னவோ வந்தது. ஒரு மாணவன் மெஸ்ஸுக்குக் கட்ட வேண்டிய பாக்கி பதினோரு லட்சம் என்று காட்டியது.

"சார், நேத்து நல்லா ஓடிச்சு சார்" என்றோம் நால்வரும் கோரஸாக.

சார் கோபப்படவில்லை. "சரி, அந்த நேத்து எங்க இருக்கு? அதைக் காட்டுங்க, மார்க் போடறேன்" என்றார்.

நேற்று எங்கேயும் இல்லை. நாலு பென் டிரைவில் நாலு விதமான நேற்று இருந்தது. நாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

நாலு பேர் எழுதிய ஆயிரத்துச் சொச்சம் வரிக்கே இந்தக் கதி என்றால், உலகம் பூராவும் நூற்றுக்கணக்கானவர்கள், ஒருவரையொருவர் பார்க்காமலே கை வைக்கிற ஒரு பெரிய சாப்ட்வேர் எப்படி நாள்தோறும் ஓடுகிறது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடிப் போனபோது என் கையில் இருந்த கம்பைலரே உதாரணமாக மாட்டியது. அதன் பெயர் ஜி.சி.சி.

மற்றத் துறை நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் எழுதுகிற சி புரோகிராமை மெஷின் புரிந்துகொள்கிற கோடாக மாற்றித் தருவது கம்பைலர். ஜி.சி.சி. என்பது யார் வேண்டுமானாலும் மூல நிரலை வாங்கிப் படிக்கலாம், திருத்தலாம் என்ற உரிமையோடு வருகிற கம்பைலர். லினக்ஸ் கெர்னல் இதை நம்பித்தான் வளர்ந்தது. இ.சி.இ. நண்பர்கள் ஆர்டுயினோ போர்டுக்கு புரோகிராம் ஏற்றுகிறீர்களே, அதற்குத் திரைக்குப் பின்னால் வேலை செய்வதும் ஜி.சி.சி.தான். நம் புரோகிராமில் தப்பு இருந்தால் நம் வீடு மட்டும் இடியும். கம்பைலரில் தப்பு இருந்தால், சரியாக எழுதியவன் வீடும் சேர்ந்து இடியும். அதுவும் எங்கே விரிசல் என்று தெரியாமலே இடியும்.

இதை முதலில் எழுதியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். முதல் வெளியீடு 1987-ல். தொடக்கத்தில் பொறுக்கி எடுத்த சிலர் மட்டுமே உள்ளே கை வைக்க முடியும், எது சேரலாம் என்பதை முடிவு செய்வதும் மிகச் சிலரே. ஆள் குறைவு என்றால் குழப்பம் குறைவுதானே என்று நமக்குத் தோன்றும். நடந்தது வேறு. 2.7.2 என்ற வெளியீடு 1995 நவம்பரில் வந்தது. அடுத்த பெரிய வெளியீடான 2.8 வந்தது 1998 ஜனவரியில். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல்! அதற்குள் ஒருவர் பென்டியம் சிப்புக்கு வேகமாக கோட் தயாரிக்கும் மாற்றங்களைத் தனியாக வைத்திருந்தார், இன்னொருவர் ஃபோர்ட்ரானைத் தனியாக வைத்திருந்தார், சிக்னஸ் என்ற கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு பதிப்பைத் தனியாக வைத்திருந்தது. எங்கள் நாலு பென் டிரைவ் கதையேதான், அளவுதான் பெரிசு.

1997 ஆகஸ்டில் இவர்களில் பலர் சேர்ந்து, "இனிப் பொறுக்க முடியாது" என்று ஜி.சி.சி.யின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அதற்கு எக்ஸ் என்று செல்லப் பெயர், முட்டை என்ற ஆங்கில வார்த்தையைப் போலவே உச்சரிப்பார்கள். அங்கே மூல நிரல் அன்றாடம் எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்து வைக்கப்பட்டது. டிசம்பரிலேயே, அதாவது நாலே மாதத்தில், முதல் வெளியீட்டைக் கொடுத்துவிட்டார்கள். பழைய வீட்டில் 2.8 இன்னும் வந்தபாடில்லை.

கடைசியில் என்ன ஆயிற்று? 1999 ஏப்ரலில் தனிக்குடித்தனம் போனவர்களிடமே பெரிய வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டார்கள். எக்ஸ்தான் இனி அதிகாரபூர்வ ஜி.சி.சி. என்று அறிவிப்பு வந்தது. அந்த ஜூலையில் 2.95 வெளியானது. வழிநடத்த ஒரு குழு இருந்தது. அதில் இருப்பவர்கள் தாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் பிரதிநிதிகளாக அல்ல, தனி மனிதர்களாகத்தான் உட்கார வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஒரே கம்பெனி மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா?

எல்லாம் சுபம் என்று நினைத்தால் அடுத்த கூத்து 2000-ல். 2.95-க்குப் பிறகு 3.0 வர வேண்டும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ரெட் ஹாட் நிறுவனத்துக்கோ தன் லினக்ஸ் 7-ஐ அந்த செப்டம்பரில் வெளியிட வேண்டும். 2.95-ல் சி பிளஸ் பிளஸ் வசதிகள் போதவில்லை. எனவே பாதி வளர்ந்த நிலையில் இருந்த மூல நிரலை எடுத்துத் தாங்களே பழுது பார்த்து, 2.96 என்ற எண்ணுடன் வெளியிட்டுவிட்டார்கள். அந்த எண்ணில் ஜி.சி.சி. குழு எதையுமே வெளியிட்டிருக்கவில்லை, வெளியிடப் போவதும் இல்லை. அக்டோபரில் குழு இதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. வெறும் பெயர்ச் சண்டை இல்லை இது. 2.96-ல் கம்பைல் செய்த சி பிளஸ் பிளஸ் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் 2.95-ன் ஃபைல்களோடும் சேராது, வரப்போகிற 3.0-ன் ஃபைல்களோடும் சேராது. என் நண்பன் ஸ்ட்ரக்சரின் நடுவில் ஒரு வரி சேர்த்தானே, அதன் அண்ணன் இது. லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்வதற்கென்றே ஒரு பழைய கம்பைலரையும் அதே பெட்டியில் வைத்து அனுப்பினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 3.0 வெளியானது 2001 ஜூனில்.

பலரும் அந்தக் கம்பெனியைத்தான் திட்டினார்கள். எனக்கென்னவோ தப்பு இரண்டு பக்கமும் என்று படுகிறது. பஸ் எப்போது வரும் என்று சொல்லாவிட்டால் ஆட்கள் லாரியில் தொற்றிக்கொண்டு போகத்தான் செய்வார்கள்.

அதற்குப் பிறகுதான் காலண்டர் போட்டார்கள். இந்தக் காலண்டர்தான் என்னை அசத்தியது, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஜி.சி.சி.யின் மூல நிரலில் 'ட்ரங்க்' என்று ஒரு அடிமரம் உண்டு. எல்லாப் புது வேலையும் அங்கேதான். ஒரு வருஷத்தைப் பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பருவம் ஸ்டேஜ் 1. அப்போது யாரும் பெரிய மாற்றங்களைக் கொண்டு வரலாம், வீட்டின் சுவரையே இடித்துக் கட்டலாம். அடுத்தது ஸ்டேஜ் 3. அப்போது பொதுவாகப் பிழை திருத்தம் மட்டும். புது வசதி என்றால், முந்தைய பருவத்திலேயே கொடுத்துப் பரிசீலனையில் இருந்தது என்றால்தான் உண்டு. அதற்கடுத்தது ஸ்டேஜ் 4. இதில் பிழை திருத்தத்திலும் கட்டுப்பாடு. முந்தைய வெளியீட்டில் சரியாக இருந்து இப்போது கெட்டுப்போனவற்றை மட்டும்தான் தொடலாம். இப்படி 'நேற்று ஓடியது இன்று ஓடவில்லை' என்ற வகைப் பிழைக்கு ரிக்ரெஷன் என்று பெயர். பத்து வருஷமாக இருக்கிற பிழை கண்ணில் பட்டாலும் அதைத் தொடாதே, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

"ஒன்றுக்கு அடுத்து மூன்றா? கம்ப்யூட்டர்காரனுக்கு எண்ணத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆரம்பத்தில் மூன்று பருவம், ஆளுக்கு இரண்டு மாதம் என்று திட்டம் போட்டார்கள். நடைமுறையில் அது நழுவிக்கொண்டே போனது. நடுப் பருவத்தால் பிரயோஜனம் இல்லை என்று பிற்பாடு அதை எடுத்துவிட்டார்கள். எண்ணை மட்டும் மாற்றவில்லை. நம் ஹாஸ்டலில் 13-ஆம் நம்பர் ரூம் இல்லாமல் 12-க்கு அடுத்து 14 வருகிற மாதிரி.

ஓர் உதாரணம். ஜி.சி.சி. 14-க்கான பெரிய வேலைகள் 2023 நவம்பர் நடுவில் நிறுத்தப்பட்டன. 2024 ஜனவரி நடுவிலிருந்து ரிக்ரெஷன் மட்டும். மே 7-ஆம் தேதி 14.1 வெளியானது. அதற்கென ஒரு கிளை பிரிந்தது. அடிமரத்தில் 15-க்கான வேலை ஆரம்பம். கிளையில் பழுது மட்டும் பார்த்து ஆகஸ்டில் 14.2 கொடுத்தார்கள். 14.0 என்று கடைக்கு எதுவும் வராது, அது வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு வைக்கிற எண். அந்தக் குழந்தைக்கு எண் கொடுத்ததில்தானே 2.96 தகராறு வந்தது? இப்போது எண்ணைப் பார்த்தவுடனே இது பரிசோதனைப் பதிப்பா, வெளியீடா என்று தெரிந்துவிடும்.

வெளியீட்டு நாளை நிர்ணயிப்பது தேதி மட்டும் அல்ல. ரிலீஸ் மேனேஜர்கள் என்று இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். பதிவான ஒவ்வொரு ரிக்ரெஷனுக்கும் பி1, பி2, பி3 என்று தரம் போடும் உரிமை அவர்களுக்குத்தான். "என் பிழைதான் அவசரம்" என்று அவனவனே பி1 போட்டுக்கொள்ள முடியாது. பி1 என்றால் அது தீராமல் வண்டி கிளம்பாது. அவ்வப்போது அறிக்கை வரும்: பி1 இத்தனை, பி2 இத்தனை, போன தடவையைவிடக் கூடினது இத்தனை, குறைந்தது இத்தனை. பி1 பூஜ்யம் ஆனதும் கிளையைப் பிரித்து ஒரு முன்னோட்டப் பதிப்பைக் கொடுப்பார்கள். அதிலிருந்து வெளியீடு வரை ரிலீஸ் மேனேஜர் அனுமதி இல்லாமல் கிளையில் ஒரு கமா கூடப் போட முடியாது. இரவு பதினொரு மணிக்கு நல்ல எண்ணத்தோடு வருகிற நண்பர்களுக்கு அங்கே கதவு சாத்தியிருக்கும்.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. எல்லா மெஷின்களுக்கும் ஒரே மரியாதை இல்லை. எக்ஸ்86-64 லினக்ஸ், 64-பிட் ஆர்ம் லினக்ஸ் போன்றவை முதன்மைத் தளங்கள். அதற்கடுத்து இரண்டாம் நிலைத் தளங்கள். இந்த இரண்டு பட்டியலிலும் இல்லாத ஒரு பழைய மெஷினில் கம்பைலர் படுத்துவிட்டால் அதற்காக வெளியீடு நிற்காது. அந்த மெஷினை வைத்திருப்பவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் எல்லோருக்காகவும் காத்திருந்தால் மறுபடி 1995 கதைதான்.

இன்னொரு வேடிக்கை. 2024 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 40 என்ற லினக்ஸ், இன்னும் வெளியாகாத ஜி.சி.சி. 14-ஐ வைத்தே வந்தது. ஃபெடோராவுக்குப் பின்னால் இருப்பது அதே ரெட் ஹாட்தான்! ஆனால் இந்த முறை சண்டை இல்லை. ஜனவரி வாக்கில், பெரிய மாற்றங்கள் நின்ற பிறகு, ஃபெடோராவின் ஆயிரக்கணக்கான தொகுப்புகளைப் புதுக் கம்பைலரால் மறுபடி கம்பைல் செய்து பார்க்கிறார்கள். உடைவதெல்லாம் உடனே ஜி.சி.சி.க்குப் பிழையாகப் போய்ச் சேர்கிறது, ஏப்ரலுக்குள் திருத்தம் ஆகிவிடுகிறது. 2000-ல் யாரையும் கேட்காமல் செய்த அதே காரியம், காலண்டருக்குள் வந்ததும் உலகத்திலேயே பெரிய பரிசோதனைகளில் ஒன்றாகிவிட்டது.

பரிசோதனை என்றதும் பூட்ஸ்ட்ராப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜி.சி.சி.யே ஒரு பெரிய புரோகிராம்தான், அதையும் ஒரு கம்பைலர்தான் கம்பைல் செய்ய வேண்டும். முதலில் மெஷினில் ஏற்கெனவே இருக்கிற பழைய கம்பைலரால் புதியதைக் கட்டுவார்கள். அது முதல் நிலை. முதல் நிலைக் கம்பைலரைக் கொண்டு அதே மூல நிரலை மறுபடி கட்டினால் இரண்டாம் நிலை. இரண்டாம் நிலையைக் கொண்டு இன்னொரு தடவை கட்டினால் மூன்றாம் நிலை. இப்போது இரண்டாம் நிலையின் ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் மூன்றாம் நிலையின் ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பைட் மாறினாலும் பூட்ஸ்ட்ராப் ஒப்பீடு தோல்வி என்று நின்றுவிடும்.

ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஃபிட்டிங் ஷாப்பில் மூலைமட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல மூலைமட்டம் வேண்டியதில்லை. நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு, திருப்பி வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. இங்கேயும் அப்படித்தான். முதல் நிலையும் இரண்டாம் நிலையும் ஒரே மூல நிரலிலிருந்து வந்தவை. அவற்றைக் கட்டிய கம்பைலர்கள் வேறாக இருந்தாலும், அவை செய்கிற வேலை ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறாக இருந்தால் எங்கோ கோட்டம் இருக்கிறது.

ஒரே ஒரு வித்தியாசம். மூலைமட்டத்தில் கோடு ஒத்துப்போனால் கதை முடிந்தது. கம்பைலரில் முடியாது. தன்னைத்தானே கட்டும்போது பயன்படாத ஒரு மூலையில் தப்பு இருந்தால் பூட்ஸ்ட்ராப் அதைக் கண்டுபிடிக்காது. அதற்குத்தான் டெஸ்ட் தொகுப்பு. டெஜாக்னு என்ற கருவி ஆயிரமாயிரம் சின்னச் சின்ன புரோகிராம்களை ஓட்டிப் பார்க்கும். அதில் ஒரு பிரிவின் பெயரே 'டார்ச்சர்'. ஒவ்வொரு புரோகிராமையும் ஆப்டிமைசேஷன் இல்லாமல், ஓ1-ல், ஓ2-ல், ஓ3-ல், அளவைக் குறைக்கும் ஓஎஸ்-ல் என்று மாற்றி மாற்றிக் கம்பைல் செய்து ஓட்டுவார்கள். விடை தப்பாக வந்தால் அந்தப் புரோகிராம் தானே அபார்ட் ஆகிவிடும், சரி என்றால் அமைதியாக வெளியேறும். சி மொழிக்கு மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் 'பாஸ்' விழும். திருத்தப்படும் பிழைக்கு ஒரு டெஸ்ட் எழுதி, பிழையின் பதிவு எண்ணையே பெயராக வைத்து இந்தத் தொகுப்பில் சேர்ப்பது வழக்கம். அதே பிழை இருபது வருஷம் கழித்துத் தலைகாட்டினாலும் மாட்டிக்கொள்ளும்.

எல்லாமே பாஸ் ஆகுமா? ஆகாது. எந்த மெஷினிலும் சில ஃபெயில் இருக்கத்தான் செய்யும். சிலவற்றை 'தெரிந்த ஃபெயில்' என்று குறித்தே வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நான் செய்த மாற்றம் சரியா தப்பா என்று எப்படிச் சொல்வது? அங்கேதான் எங்கள் சாரின் கேள்விக்குப் பதில் இருந்தது. என் மாற்றம் இல்லாமல் ஒரு தடவை கட்டி டெஸ்ட் ஓட்ட வேண்டும். மாற்றத்தோடு ஒரு தடவை கட்டி டெஸ்ட் ஓட்ட வேண்டும். இரண்டு முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, புதிதாக ஒரு ஃபெயில் கூட இல்லை என்று காட்ட வேண்டும். நேற்றையும் கையோடு கொண்டு போகிறோம்!

நானும் செய்து பார்த்தேன். அக்காவின் பழைய லேப்டாப், 4 ஜி.பி. ராம். மாலை ஆறு மணிக்குப் பூட்ஸ்ட்ராப் ஆரம்பித்தேன். இரவு பதினொன்றரைக்கு முடிந்தது. ஃபேன் சத்தத்தில் அம்மா, "என்னடா அது மாவு அரைக்கிற மாதிரி" என்றார். டெஸ்ட் மறுநாள் மதியம் வரை ஓடியது. நடுவில் கரன்ட் போகவில்லை, அது என் பாக்கியம். அடுத்து மாற்றத்தோடு இன்னொரு தடவை என்று நினைத்தபோதுதான், ஒரு வரி மாற்றுகிறவன் எவ்வளவு பொறுமைசாலியாக இருக்க வேண்டும் என்று உறைத்தது. நம் லேபில் நாம் எஃப்9 தட்டிவிட்டு, எரர் இல்லை என்றால் வேலை முடிந்தது என்று எழுந்து போகிறோமே!

மாற்றத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். மின்னஞ்சலில் பேட்ச்சை அனுப்பி, கீழே ஏறக்குறைய ஒரு சூத்திரம் போல எழுதுவார்கள்: எக்ஸ்86-64 லினக்ஸில் பூட்ஸ்ட்ராப் செய்தேன், ரிக்ரெஷன் டெஸ்ட் ஓட்டினேன், ட்ரங்க்கில் போடலாமா? அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் பார்த்து, சரி என்றால்தான் உள்ளே போகும். ஒப்புதல் கிடைத்தபின் தாங்களே உள்ளே போடுகிற உரிமை பலருக்கு உண்டு. ஒப்புதல் கொடுக்கிற உரிமை சிலருக்குத்தான். யார் பார்த்தாலும் சரி என்று சொல்லக்கூடிய எழுத்துப் பிழை மாதிரியான திருத்தம் என்றால், உரிமை உள்ளவர்கள் கேட்காமலே போடலாம்.

உள்ளே போனபின் ஒரு முக்கியமான மெஷினில் ஏதாவது உடைந்தால்? போட்டவருக்குச் சொல்வார்கள். 48 மணி நேரம் பொறுப்பார்கள். அவரோ வேறு யாருமோ சீக்கிரம் சரி செய்கிறோம் என்று சொல்லவில்லை என்றால், அந்தப் பகுதியில் உரிமை உள்ள இருவர் சேர்ந்து முடிவெடுத்து அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடலாம். யாரையும் அவமானப்படுத்த இல்லை, சரி செய்துகொண்டு மறுபடி வரலாம். இந்த விதி எங்கள் நால்வருக்கும் அன்றிரவு தெரிந்திருந்தால், "நான் கஷ்டப்பட்டு எழுதினதை எப்படிடா எடுக்கலாம்" என்று ஒருவன் மூன்று நாள் பேசாமல் இருந்திருக்க மாட்டான்.

நெடுநாள் ஒரு காகித வேலையும் இருந்தது. கணிசமான மாற்றம் கொடுப்பவர் அதன் பதிப்புரிமையை ஃப்ரீ சாப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 2021 ஜூனில் இதைத் தளர்த்தினார்கள். இது என் சொந்த வேலை, கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று ஓர் உறுதிமொழி வரியைச் சேர்த்துக் கொடுத்தாலும் இப்போது போதும்.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பதில் வரத் தாமதமாகும். சில சமயம் வராமலே போகும். பரிசீலிப்பவர்கள் கொஞ்சம் பேர், அவர்களில் பலர் ரெட் ஹாட், சூசே, ஆர்ம் போன்ற கம்பெனிகளில் சம்பளத்துக்கு இருப்பவர்கள், அவர்களுக்கு அவர்கள் வேலை. இரண்டு வாரம் வரை பதில் இல்லையென்றால் மரியாதையாக ஞாபகப்படுத்தலாம், அதற்கு 'பிங்' என்று பெயர். ஒரே பேட்ச்சுக்கு ஐந்தாறு பிங் போட்டவர்களும் உண்டு. டெஸ்ட் ஓட்ட எத்தனையோ மெஷின் வாங்கலாம். படித்துப் பார்த்து 'சரி' சொல்கிற ஆளை எங்கே வாங்குவது?

பிழையைக் கண்டுபிடித்துச் சொல்வதும் பங்களிப்புதான். இதில் என் மானம் போன கதை ஒன்று உண்டு. நான் எழுதிய ஒரு புரோகிராம் சாதாரணமாக ஓடியது, ஓ2 போட்டால் நிற்காமல் சுற்றியது. "கம்பைலரில் பிழை கண்டுபிடித்துவிட்டேன்!" என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிவிட்டேன். சீனியர் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். பத்து இடம் உள்ள அரேயில் நான் பூஜ்யத்திலிருந்து பத்து வரை, அதாவது பதினோரு தடவை எழுதியிருந்தேன். "தம்பி, எல்லை தாண்டினது நீ. தாண்ட மாட்டேன்னு நீ சொன்னதை நம்பித்தான் கம்பைலர் சுருக்கு வழியில போச்சு" என்றார். ரொம்ப நாள் வரை என்னை 'பக்' என்றே கூப்பிட்டார்கள்.

நிஜமான பிழையைப் பிடிப்பதற்கு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் சிஸ்மித் என்ற ஒரு கருவியைச் செய்தார்கள். அது எல்லை தாண்டாத, சி மொழி விதிகளை மீறாத புரோகிராம்களைத் தானாகவே கண்டபடி எழுதித் தள்ளும். ஒரே புரோகிராமைப் பல கம்பைலர்களில், பல ஆப்டிமைசேஷனில் ஓட்டி விடைகளை ஒப்பிடுவார்கள். ஒன்று மட்டும் வேறு விடை சொன்னால் சந்தேகம் அதன்மேல். 2011-ல் வெளியிட்ட கட்டுரையில், அதுவரை யாருக்கும் தெரியாத 325-க்கும் மேற்பட்ட பிழைகளைப் பல கம்பைலர்களில் கண்டு சொன்னதாக எழுதினார்கள். பிழை கிடைத்ததும், எந்த மாற்றத்தில் அது நுழைந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவார்கள். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்தே தடவையில் ஆள் அகப்பட்டுவிடும். முதலாண்டில் படித்த பைனரி சர்ச்தான், பரீட்சைக்கு வெளியே அதை நான் பார்த்தது இங்கேதான்.

நம்மைப் போன்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. மற்றவர்கள் பதிந்த பெரிய புரோகிராமை, பிழை போகாமல் பத்து வரியாகச் சுருக்கிக் கொடுக்கலாம். இன்றைய பதிப்பில் அந்தப் பிழை இன்னும் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்லலாம். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் டெஸ்ட் முடிவை அனுப்பலாம்.

எங்கள் மெஸ் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆறாம் செமஸ்டரில் மறுபடி எழுதினோம். கிட் போட்டோம். முப்பத்திரண்டு சின்ன டெஸ்ட் எழுதினோம், அதில் ஒன்றின் பெயர் 'பதினோரு லட்சம்'. ரிவ்யூவுக்கு ஐந்து நாள் முன்னால் கதவைச் சாத்தினோம். சாவியை, ஹெடர் ஃபைலில் வரி சேர்த்த அதே நண்பனிடம் கொடுத்தோம். அவனைப் போல 'முடியாது' என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. ரிவ்யூவில் சார், "நேத்து எங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். திறந்து காட்டினோம்.

போன மாதம் ஜி.சி.சி. கையேட்டில் ஒரு சொல் இரண்டு தடவை வந்திருப்பதைப் பார்த்து, ஒரு வரித் திருத்தம் அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு பிங் போட்டேன். இதை மலர்க் குழுவிடம் கொடுத்துவிட்டுப் போய் இரண்டாவது பிங் போட வேண்டும்.